நோய்நிர்ணயத்திற் செயற்கை நுண்ணறிவும் வைத்தியர் மனப்பாங்கும்

நோயாளி, நோயைத் தீர்க்கும் வைத்தியன், அவன் வகுக்கும் மருந்து, அருகிருந்து மருந்தூட்டிப் பேணுவோன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் எனத் திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்துக் காட்டுகின்றது. வைத்தியன் ஒருவனே மருத்துவம் என்னாது, நோயாளியை முதலில் நிறுத்தி, பேணுவோனையும் ஒரு கூறாக எண்ணியமை கருதத்தக்கது. இவ்வகுப்பு நெடுங்காலம் போதுமானதாயிருந்தது. இன்றோ ஐந்தாவதாக ஒன்று நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்கின்றது. அது எக்ஸ் கதிர்ப் படத்தை நோக்கி நோய் இன்னதென்று உரைக்கின்றது; குருதிப் பரிசோதனை எண்களைக் கூட்டிப் பார்த்து இந்நோயாளிக்கு ஆபத்து அணுகுகின்றது என எச்சரிக்கின்றது. செயற்கை நுண்ணறிவு என்பது அதற்கு வழங்கும் பெயர். இதனை வைத்தியன் எனக் கொள்வதா, மருந்து போன்றதொரு கருவி எனக் கொள்வதா, பேணுவோனுக்குத் துணை எனக் கொள்வதா?

இப்பொறிகள் எத்துணை வல்லவை என்பதைப் பற்றி நாள்தோறும் எழுதப்படுகின்றது. அவற்றைக் கையாளவேண்டிய வைத்தியரும் தாதியரும் அவற்றை எவ்வாறு கருதுகின்றனர், ஏன் அவ்வாறு கருதுகின்றனர் என்பதோ குறைவாகவே பேசப்படுகின்றது. அவர்கள் தயங்கினால், தொழில் பறிபோகுமென அஞ்சுகின்றனர் என்றோ, புதுமையை வெறுக்கின்றனர் என்றோ கூறிவிடுதல் எளிது. அக்கூற்று முழுமையன்று என்பதையும், அவர்தம் தயக்கத்தினுள்ளே நோயாளியின் நலம்பற்றிய நியாயமான வினா ஒன்று அடங்கியுள்ளது என்பதையும் எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைப் பொறிகள்

மருத்துவத்திற் பயன்படும் இப்பொறிகளைப் பொதுவாக இருவகைப்படுத்தலாம். முதலாவது வகை, விதிகளாற் செல்வது. இன்ன குறி தோன்றி இன்ன பரிசோதனை முடிவும் கிடைப்பின் இன்ன நோயென ஐயுறுக என்றாற்போன்ற விதிகளை, அனுபவமிக்க வைத்தியரிடம் கேட்டறிந்து ஒன்றொன்றாகக் கணனியில் எழுதிவைப்பர். கணனி அவ்விதிகளைத் தொடர்ந்து சென்று ஒரு முடிவுக்கு வரும். எவ்விதிகளைத் தொட்டு அம்முடிவுக்கு வந்தது என வினவின் அதனையும் கூறும்.

இரண்டாவது வகை, உதாரணங்களாற் கற்பது. நோயுள்ளோர் படங்களும் இல்லோர் படங்களுமாகப் பல்லாயிரம் படங்களை, இது நோய், இது நோயன்று என்னும் குறிப்புடன் கணனிக்குக் காட்டுவர். கணனி தன்னுள்ளே அமைந்த இலட்சக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்தி, தன் விடையும் தரப்பட்ட குறிப்பும் பெரும்பாலும் ஒத்துவரும்வரை பயிலும். பயின்றபின் புதிய படமொன்றைக் காட்டினால், நோய் இருப்பதற்கான நிகழ்தகவை ஓர் எண்ணாகத் தரும். ஆயின் அவ்விலட்சம் எண்களுள் எது எக்காரணத்தால் அவ்விடையைத் தந்தது என்பதை மனிதருக்கு விளங்கும் மொழியில் உரைத்தல் அரிது. இன்று பெரிதும் பேசப்படுவது இவ்விரண்டாம் வகையே. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளின் பின்வருவன எளிதில் விளங்கும்.

திறமை இருந்தும் பயன்படாமை

எண்கணக்கு நிபுணரின் மதிப்பீட்டை விஞ்சக்கூடும் என்னும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் மினெசோற்றாப் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் போல் மீல் என்பவர் 1954 ஆம் ஆண்டு நூலொன்றை வெளியிட்டார். நிபுணர் தம் அனுபவத்தாற் கூறும் எதிர்வையும், புள்ளிவிபர விதியாற் பெறும் எதிர்வையும் ஒப்பிட்ட ஏறத்தாழ இருபது ஆய்வுகளை அவர் அந்நூலில் ஆராய்ந்தார். விதியானது பெரும்பாலும் நிபுணருக்கு நிகராகவோ மேலாகவோ நின்றது என்பதே அவர் கண்ட முடிவு.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே டி டொம்பல் என்னும் சத்திரசிகிச்சைத் துறையினரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 1972 இல் வெளிவந்தது. திடீரென எழுந்த கடும் வயிற்றுவலியுடன் வைத்தியசாலைக்கு வந்த 304 நோயாளரை அவர்கள் ஆராய்ந்தனர். வலி எங்கே தொடங்கிற்று, எங்கே நகர்ந்தது, வாந்தி உண்டோ, வயிறு இறுகியுளதோ என்பன போன்ற விபரங்கள் கணனிக்குக் கொடுக்கப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமஸ் பேயிஸ் என்பாரின் பெயரால் வழங்கும் நிகழ்தகவு விதியைக் கொண்டு, குடல்வளரி அழற்சியோ, பித்தப்பை அழற்சியோ, குடற்புண் துளைத்தலோ, வேறோ எனக் கணனி கணித்தது. அதன் நோய்நிர்ணயம் நூற்றுக்கு 91.8 வீதம் சரியாயிருந்தது. அதே நோயாளரைக் கண்ட வைத்தியருள் மூத்தவரின் நிர்ணயம் நூற்றுக்கு 79.6 வீதமே சரியாயிருந்தது. ஆயினும் பிறவிடங்களிற் பரீட்சித்தபோது அத்துணைச் செம்மை கிட்டவில்லை. ஓரிடத்து நோயாளரைக்கொண்டு வகுத்த நிகழ்தகவுகள் மற்றோரிடத்துக்கு அவ்வாறே பொருந்தா என்னும் பாடம் அன்றே கிடைத்தது.

கலிபோர்னியாவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில், 1970 களில், எட்வேட் ஷோட்லிஃப் என்பார் மைசின் என்னும் பொறியை ஆக்கினார். இது நாம் மேலே கூறிய முதலாம் வகையினது. சில நூறு விதிகளைக் கொண்டு, குருதியிலும் மூளையைச் சூழ்ந்த சவ்வுகளிலும் உண்டாகும் கிருமித்தொற்றுக்கு ஏற்ற மருந்தைத் தெரிந்துரைக்கும். 1979 இல் வெளியான பரீட்சை ஒன்றிலே, பத்து நோயாளர்க்கு மைசின் வகுத்த சிகிச்சையும், அப்பல்கலைக்கழகத்து வைத்தியர் முதலியோர் வகுத்த சிகிச்சைகளும், எது எவருடையது என்பது மறைக்கப்பட்டு எட்டு நிபுணரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டன. மைசினுக்கு நூற்றுக்கு 65 புள்ளி கிடைத்தது. தொற்றுநோய்த்துறைப் பேராசிரியர் ஐவர் பெற்றவை 42.5 முதல் 62.5 வரை.

பரீட்சையிற் பேராசிரியரை முந்திய இப்பொறி எந்த வைத்தியசாலையிலும் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. இஃது ஏன்? விடுதிகளில் அக்காலத்திற் கணனி இல்லை. வினாக்களுக்கெல்லாம் விடையைத் தட்டெழுத நெடுநேரம் சென்றது. பொறி தவறின் யார் பொறுப்பென்பது தெளிவாகவில்லை. திறமை ஒன்றே ஒரு கருவியை மருத்துவத்துக்குட் கொணரப் போதாது என்பதை மைசினின் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது.

வைத்தியர் வேண்டியது யாது?

மைசினை ஆக்கிய ஷோட்லிஃப் இத்தோல்வியை எண்ணி வைத்தியரைக் குறைகூறிக்கொண்டிருக்கவில்லை. தம் உடனாய்வாளர் ஒருவருடன் சேர்ந்து, இத்தகைய பொறியிடம் நீங்கள் எதிர்பார்ப்பன யாவை என வைத்தியரையே வினவினார். 1981 இல் வெளியான அவ்வாய்வின் முடிவு, இப்பொருள்பற்றி எழுதப்பட்டவற்றுள் இன்றும் படிக்கத்தக்கதாகும். பொறி தன் முடிவுக்கான காரணத்தை வைத்தியருக்கு விளக்கவல்லதாயிருத்தல் வேண்டும் என்பதே கோரிக்கைகளுள் முதலிடம் பெற்றது. பொறி ஒருபோதும் நோயைப் பிழையாக நிர்ணயிக்கலாகாது என்னும் கோரிக்கையோ பட்டியலின் அடியிலே கிடந்தது.

இது முதலில் வியப்பளிக்கலாம். பிழைவிடாத பொறியன்றோ எவரும் விரும்பத்தக்கது? சிறிது சிந்திப்பின் வைத்தியர் கூற்றின் நியாயம் விளங்கும். வைத்தியத்திற் பிழை முற்றாக நீங்காது என்பதை வைத்தியர் அறிவர். தாமும் பிழைப்பர், தம்மிலும் மூத்தோரும் பிழைப்பர். ஐயம் எழுந்தவிடத்து அவர்கள் இன்னொரு வைத்தியரின் கருத்தைக் கேட்பது, அவர் பிழைவிடாதவர் என்பதனாலன்று. தம் கருத்துக்கு அவர் காரணம் கூறுவார் என்பதனாலேயாம். காரணத்தைக் கேட்டபின், நோயாளியை நேரிற் கண்ட தாமே அக்காரணம் இந்நோயாளிக்குப் பொருந்துமா என்று எடைபோடலாம்.

கணிதவாசிரியர் எவருக்கும் இது புதியதன்று. விடைத்தாளிலே விடையை மட்டும் எழுதிவைத்த மாணவனுக்கு முழுப்புள்ளி கொடுப்பதில்லை. செய்கைவழி எங்கே என்று கேட்கின்றோம். விடை சரியாயிருப்பினும் கேட்கின்றோம். செய்கைவழி தெரிந்தாலன்றி அம்மாணவன் அடுத்த கணக்கைச் சரியாகச் செய்வான் என்னும் உறுதி நமக்கு இல்லை. வைத்தியர் பொறியிடம் கேட்பதும் இச்செய்கைவழியையே.

காரணம் அறியாமையின் ஆபத்து

காரணம் கேட்பது வெறும் பிடிவாதமன்று என்பதற்கு நியுமோனியா நோயாளர் பற்றிய உதாரணமொன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1990 களிலே, நியுமோனியாவால் வருந்துவோருள் யாரை வைத்தியசாலையில் அனுமதிக்கவேண்டும், யாரை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை முடிவுசெய்ய உதவும் பொறிகளை ஆய்வாளர் பயிற்றினர். பழைய நோயாளர் பதிவுகளே பாடநூலாயின. அவற்றைக் கற்ற பொறியொன்று, ஆஸ்துமா என்னும் தொய்வு நோயும் உடையவர்க்கு நியுமோனியாவால் இறக்கும் ஆபத்துக் குறைவு என்று ஒரு விதியைக் கண்டுபிடித்தது.

மருத்துவம் சிறிது அறிந்தவரும் இதனை ஒப்பார். தொய்வுக்காரருக்கு நியுமோனியா மிக ஆபத்தானது. அவ்வாறாயின் பொறி பொய் கூறிற்றா? அதுவும் இல்லை. தொய்வுக்காரர் நியுமோனியாவுடன் வந்தால் வைத்தியர் அவரை உடனே தீவிர சிகிச்சைப் பிரிவிற் சேர்த்துவிடுவர். அச்சிகிச்சையாலேயே அவர்களுள் இறந்தோர் தொகை குறைந்தது. பதிவேட்டில் இறப்புக் குறைவு தெரிந்தது. அதற்குக் காரணமான வைத்தியரின் விழிப்பைப் பொறி உணரவில்லை. அவ்விதியை நம்பித் தொய்வுக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருப்பின் விளைவு கொடிதாயிருக்கும்.

இத்தவறு வெளிப்பட்டது விதிகளாற் செல்லும் பொறியிலாகும். ஆதலாலேயே அதனைக் கண்ணாற் கண்டு விலக்க முடிந்தது. அதே பதிவுகளைக் கற்ற, அதனினும் செம்மையான நரம்பு வலைப்பின்னற் பொறியும் இருந்தது. அதனுள்ளே இதுபோன்ற வேறு பிழைகள் எவ்வெவை மறைந்துள்ளன என்பதை அறிய வழியின்மையால், அதனை நோயாளரிடம் பயன்படுத்தாது விட்டனர். அவ்வாய்விற் பங்குகொண்ட றிச் கருவானா என்பார் தம் குழுவினருடன் 2015 இல் எழுதிய கட்டுரையில் இதனை எடுத்துரைத்துள்ளார். செம்மை மிகுந்ததை விடுத்து விளக்கம் மிகுந்ததைத் தெரிந்தமை அறியாமையன்று, அறிவுடைமையே.

ஏற்றுக்கொண்ட இடங்கள்

இனி மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். வைத்தியர் எங்கும் எதிர்த்தே நிற்கின்றனர் என எண்ணுதல் தவறு. நரம்பு வலைப்பின்னல் ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரான ஜெப்ரி ஹின்ரன் 2016 இல், கதிரியல் வைத்தியரைப் பயிற்றுவதை இப்பொழுதே நிறுத்திவிடல் வேண்டும், ஐந்தாண்டுகளிற் பொறி அவரை விஞ்சிவிடும், மிஞ்சினாற் பத்தாண்டாகலாம் என்னும் கருத்துப்படப் பேசினார். ஐந்தாண்டும் அதன்மேலும் கழிந்தன. கதிரியல் வைத்தியர் மறைந்தாரல்லர். பல நாடுகளில் அவர்களுக்குப் பற்றாக்குறையே நிலவுகின்றது. அத்துறையினரே இன்று இப்பொறிகளை மிகுதியாகப் பயன்படுத்துவோருமாவர்.

சுவீடனில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில் நிகழ்ந்த ஆய்வு இதற்குச் சான்று. 80,033 பெண்களை இருகூறாக்கி, ஒரு கூற்றினர் படங்களை வழக்கம்போல இரு கதிரியல் வைத்தியர் படித்தனர். மற்றைக் கூற்றிலே, பொறி முதலில் ஒவ்வொரு படத்துக்கும் ஆபத்தின் அளவைக் கணித்தது. ஆபத்துக் குறைந்தவற்றை ஒரு வைத்தியரும் மிகுந்தவற்றை இருவரும் படித்தனர். 2023 இல் வெளியான இடைக்கால முடிவின்படி, பொறி துணைநின்ற கூற்றில் 244 புற்றுநோய்களும், வழக்கமான முறையில் 203 புற்றுநோய்களும் கண்டறியப்பட்டன. படங்களைப் படிக்கும் வேலையோ நூற்றுக்கு 44.3 வீதம் குறைந்தது. இங்கு முடிவு வைத்தியர் கையிலேயே இருந்தது. பொறி வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தது. ஏற்பு எளிதானமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம்.

லீட்ஸ் முறையும் இவ்வாறே பின்னர்ப் பயன் தந்தது. எட்டு நிலையங்களில், 250 க்கு மேற்பட்ட வைத்தியர் பங்குகொண்டு, 16,737 நோயாளரைக் கொண்டு செய்த ஆய்வு 1986 இல் வெளிவந்தது. கணனியின் துணை கிடைத்த காலத்தில், வைத்தியரின் முதல் நோய்நிர்ணயத்தின் செம்மை நூற்றுக்கு 45.6 இலிருந்து 65.3 ஆக உயர்ந்தது. குடல்வளரி அழற்சியுடையோருள் அது வெடித்தோர் தொகை 23.7 வீதத்திலிருந்து 11.5 ஆகக் குறைந்தது. வைத்தியரின் வரவேற்பும் பொதுவாக நன்றாயிருந்தது. கணனிக்குக் கொடுப்பதற்காக ஒவ்வொரு நோயாளியையும் முறையாக வினவிக் குறிப்பெடுத்த பழக்கமே இந்நன்மையிற் பெரும்பங்கை விளைத்தது என்பாரும் உளர். அவ்வாறாயினும் குற்றமில்லை. வைத்தியரைச் செம்மையாகக் கேட்கவும் காணவும் தூண்டும் பொறி நல்ல பொறியே.

தாதியர் கண்டவை

இத்தகைய ஆய்வுகளில் வைத்தியர் கருத்தே பெரிதும் கேட்கப்படுகின்றது. பொறியை நாள்முழுதும் இயக்குவோரோ பலவிடங்களிலே தாதியராவர். நீரிழிவு நோயாளரின் விழித்திரையைப் படமெடுத்து, பார்வை கெடும் அறிகுறி உண்டோவென ஆராயும் கூகிள் நிறுவனத்துப் பொறியைத் தாய்லாந்தின் பதும்தானி, சியாங் மாய் மாகாணங்களிலுள்ள பதினொரு சிகிச்சை நிலையங்களிற் பயன்படுத்தினர். அங்கு நிகழ்ந்தவற்றை விபரிக்கும் ஆய்வு 2020 இல் வெளிவந்தது. முன்னர்த் தாதியர் எடுத்த படங்கள் தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்பப்பட்டு முடிவு வரப் பல வாரங்கள் செல்லும். பொறியோ சில நிமிடங்களிற் கூறவல்லது. தாதியர் ஆவலுடனேயே தொடங்கினர்.

ஆனால் ஆய்வுகூடத்துப் படங்களாற் பயின்ற பொறி, படம் தெளிவாயில்லையெனின் விடை கூற மறுக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. பெரும்பாலான நிலையங்களிற் படமெடுப்பதற்கென இருட்டறை இல்லை. முதல் ஆறு மாதங்களிற் கொடுத்த 1,838 படங்களுள் நூற்றுக்கு 21 வீதத்தைப் பொறி ஏற்க மறுத்தது. மறுக்கப்பட்டவர் வேறு வைத்தியசாலையிலுள்ள கண்நிபுணரிடம் செல்லவேண்டும். தாதியின் கண்ணுக்குக் குறையின்றித் தோன்றிய விழிக்குரியவரும் இவ்வாறே அனுப்பப்பட்டார். ஒரு நாட்கூலியை இழந்து, வாகனச் செலவும் செய்து, வீணே அலையவேண்டியவர் அவ்வேழையே. இணையத் தொடர்பும் தளர்ந்து நோயாளர் காத்திருக்க நேர்ந்தது. ஆதலின் நோயாளர் வீணே இடர்ப்படலாகாதென எண்ணி, அவ்வாய்விற் சேரவேண்டாமென அவர்களிடம் கூறிய தாதியரும் இருந்தனர். இதனைப் புதுமை வெறுப்பு என்பதா? பேணுவோனின் கடமை என்பதே பொருந்தும்.

எச்சரிக்கைப் பொறிகளின் கதையும் இத்தகையதே. கிருமித்தொற்றால் உடல் முழுதும் நிலைகுலையும் செப்சிஸ் என்னும் நிலையை முன்னறிவிக்கும் பொறியொன்று ஐக்கிய அமெரிக்காவிற் பல நூறு வைத்தியசாலைகளில் வழங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 38,455 அனுமதிப்புகளைக்கொண்டு அதனைப் பரீட்சித்து 2021 இல் வெளியிட்ட முடிவு கவலைதருவது. செப்சிஸ் கண்டோருள் நூற்றுக்கு 67 பேரை அப்பொறி தவறவிட்டது. அதேவேளை, அனுமதிக்கப்பட்டோர் அனைவருள்ளும் நூற்றுக்கு 18 பேரைக் குறித்து எச்சரிக்கை எழுப்பியது. புலி வருகின்றது, புலி வருகின்றது என்று ஓயாது கூவினால், உண்மையாகவே வரும் நாளில் எவர் செவிசாய்ப்பர்? அடிக்கடி வீணே ஒலிக்கும் எச்சரிக்கையைத் தாதியர் புறக்கணிக்கத் தலைப்படுதல் இயற்கை.

பொறியின் பாடநூலிலுள்ள அநீதி பொறியிலும் தொடரும் என்பதையும் மறத்தலாகாது. அந்நாட்டில் மேலதிக கவனிப்பு வேண்டியோரைத் தெரிதற்கு வழங்கிய பொறியொன்றைப் பற்றி 2019 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோயின் கடுமையை நேரே அளத்தற்குப் பதிலாக, ஒருவருக்குச் செலவான மருத்துவப் பணத்தையே அப்பொறி அளவுகோலாகக் கொண்டது. கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை வசதி குறைவாகக் கிடைத்தமையாற் செலவும் குறைவு. ஆகவே அவர்கள் நோய் குறைந்தோர் எனப் பொறி கணித்தது. இப்பிழையைத் திருத்தின், மேலதிக கவனிப்புக்குத் தெரியப்படுவோருள் கறுப்பினத்தவர் பங்கு நூற்றுக்கு 17.7 இலிருந்து 46.5 ஆக உயரும் எனக் காட்டப்பட்டது. பொறி எவர்மீதும் பகைகொண்டதன்று. ஆயினும் விளைவு பகைவன் செயலை ஒத்தது.

மிகை நம்பிக்கை

இதுகாறும் அவநம்பிக்கையின் நியாயத்தை ஆராய்ந்தோம். நம்பிக்கை மிகுதலும் கேடே. ஜேர்மனியில் 27 கதிரியல் வைத்தியரைக் கொண்டு செய்து 2023 இல் வெளியிட்ட ஆய்விலே, மார்பகப் படங்களுடன் பொறியின் கருத்தென ஒரு குறிப்பும் கொடுக்கப்பட்டது. சில படங்களுக்கு வேண்டுமென்றே பிழையான குறிப்பைக் கொடுத்தனர். குறிப்புச் சரியாயிருந்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ 80 வீதம் சரியாக மதிப்பிட்ட அனுபவம் குறைந்தோர், அது பிழையானபோது 20 வீதமே சரியாக மதிப்பிட்டனர். அனுபவம் மிக்கோரும் 82 இலிருந்து 45 வீத அளவுக்கு வீழ்ந்தனர். தம் கண் கண்டதைத் தாமே ஐயுற்று, பொறியின் சொல்லுக்குத் தலைவணங்கினர் என்க.

கைவிட்ட கலை கைவிட்டுப் போகும் என்பதற்கும் சான்று வந்துள்ளது. போலந்திலே நான்கு நிலையங்களில், பெருங்குடலை உள்நோக்கும் கருவியாற் பரிசோதித்து, பிற்காலத்திற் புற்றுநோயாகக்கூடிய சிறு வளர்ச்சிகளைக் காணும் வைத்தியரை ஆராய்ந்தனர். பொறியின் துணை வருமுன், நூறு பரிசோதனைகளில் 28.4 இல் அவ்வளர்ச்சிகளைக் கண்டனர். பொறியுடன் பழகிய பின்னர், அதன் துணையின்றிச் செய்த பரிசோதனைகளில் அது 22.4 ஆகக் குறைந்தது. 2025 இல் வெளியான இவ்வாய்வு ஒன்றை மட்டும் வைத்து முடிந்த முடிபு கூறலாகாது. ஆயினும் வைத்தியர் பலர் மனத்திலிருந்த அச்சத்துக்கு இஃது உருவம் கொடுத்துள்ளது.

பொறுப்பு யாருடையது?

இவையெல்லாவற்றுக்கும் அடியிலே கிடப்பது பொறுப்புப் பற்றிய வினாவாகும். பொறியின் சொற்படி நடந்து நோயாளிக்குத் தீங்கு நேரின், ஏன் சிந்தியாது பின்பற்றினாய் என வைத்தியரைக் கேட்பர். பொறியின் சொல்லை விலக்கித் தீங்கு நேரின், ஏன் அதனைப் புறக்கணித்தாய் எனக் கேட்பர். இருதலைக் கொள்ளியிடைப்பட்ட எறும்பின் நிலை இது. பொறி நீதிமன்றத்துக்கு வருவதில்லை. இறந்தவன் தாயின் முகத்தை நோக்கி விடை கூறவேண்டிய நிலையும் அதற்கு இல்லை. விடை கூறவேண்டியவன் காரணம் கேட்பது இயல்பன்றோ? காரணத்தைத் தான் அறியாத முடிவுக்கு ஒருவன் எவ்வாறு கையொப்பமிடுவான்?

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதனை உணர்ந்தே ஆறு கோட்பாடுகளை வகுத்தது. மனிதரின் முடிவெடுக்கும் உரிமையைக் காத்தல், நலத்தையும் பாதுகாப்பையும் பேணல், வெளிப்படையும் விளக்கமும் உடைமை, பொறுப்புக்கூறல், எவரையும் விலக்காத சமத்துவம், நீடித்து நிலைக்கும் தன்மை என்பன அவை. இவற்றுட் பெரும்பாலானவை வைத்தியரும் தாதியரும் நெடுங்காலமாகக் கேட்டுவந்தவையே. 1981 இல் வினாத்தாள் ஒன்றுக்கு விடையாக அவர் எழுதியது, நாற்பது ஆண்டுகளின்பின் உலகக் கோட்பாடாயிற்று.

முடிவுரை

ஆகவே, முதலில் எழுப்பிய வினாவுக்கு ஒருவாறு விடை கூறலாம். இப்பொறியை வைத்தியன் எனக் கொள்ளலாகாது. பொறுப்பேற்க இயலாதது வைத்தியனாகாது. இதனை மருந்துக்கு ஒப்பிடுதல் பொருந்தும். மருந்து பரீட்சிக்கப்பட்ட பின்னரே கொடுக்கப்படுகின்றது. ஓரிடத்திற் பயன் தந்தது மற்றோரிடத்தும் பயன் தருமாவென ஆராயப்படுகின்றது. அளவு அறிந்து கொடுக்கப்படுகின்றது. மிகினும் குறையினும் நோய் செய்கின்றது. பக்கவிளைவை வைத்தியன் முன்னறிந்து காக்கின்றான். நோயாளியின் அருகிருப்பவன் அவ்விளைவை முதலிற் கண்டு கூறுகின்றான். பொறியையும் இவ்வாறே நடத்துதல் தகும். அதனை ஆக்குவோர் வைத்தியரின் தயக்கத்தைத் தடையென எண்ணாது, முதற்பரீட்சையாக எண்ணுவாராயின் பொறியும் திருந்தும், நோயாளியும் பிழைப்பான்.

நம் கல்லூரியின் உயிரியற் பிரிவு மாணவர் பலர் நாளை வைத்தியராகவும் தாதியராகவும் பணிபுரியச் செல்வர். அவர்கள் கையாளப்போகும் பொறிகள் இன்றுள்ளவற்றினும் வல்லவையாயிருக்கும் என்பதில் ஐயமில்லை. அவற்றைக் கண்டு அஞ்சவேண்டா, வணங்கவும் வேண்டா. நிகழ்தகவும் புள்ளிவிபரமும் வைத்தியருக்கு வேண்டாத பாடங்கள் என்னும் எண்ணத்தை இப்பொழுதே விட்டொழித்தல் வேண்டும். நூற்றுக்கு இத்தனை என்று பொறி கூறும்போது, எந்நூறு, எவ்வூர் நூறு என்று கேட்கத் தெரிதல் வேண்டும். பொறியின் விடையைப் பார்க்குமுன் தம் விடையை ஒருமுறை தாமே எண்ணிப் பார்க்கும் பழக்கத்தையும் வளர்த்தல் வேண்டும். செய்கைவழியின்றி விடையை ஏற்காத மாணவனே செய்கைவழியின்றி நோய்நிர்ணயத்தை ஏற்காத வைத்தியனாவான். அப்பழக்கம் வகுப்பறையிலே தொடங்குகின்றது. அதனை ஊட்டவேண்டிய கடமை ஆசிரியராகிய எம்முடையது.